வைஃபைக்கும் ஒரு வாசற்காவல்

நம் லோயர் கேம்ப் மின்நிலையத்தில், வால்வு திறந்தாலன்றி மலைநீர் டர்பைனை அடையாது; சென்ற நீருக்கும் கணக்குண்டு. அக்செஸ் பாயிண்ட் எனும் வைஃபை பெட்டிக்கும் இவ்விரண்டும் தேவை.

ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்தால், ஒருவரை விலக்க அனைவருக்கும் அதை மாற்ற வேண்டும். 2001இல் வெளியான 802.1எக்ஸ் முறையில் ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர் தரலாம். பெட்டி தானாக முடிவு செய்யாது. ரேடியஸ் சர்வரைக் கேட்கும். 'சரி' என்று விடை வரும்வரை, அடையாளச் சோதனைச் செய்திகள் தவிர வேறெதுவும் வாசலைக் கடவாது. இந்தியாவில் எர்நெட் நடத்தும் எடுரோம் இம்முறையே. அதில் சேர்ந்த வேறொரு கல்லூரிக்கு ஒரு மாணவி சென்றாலும், அவளுடைய சொந்தக் கல்லூரியின் சர்வரே விடை சொல்லும்.

இனிக் கணக்கு. மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகள் பெருகினால் சிக்னலில் இடைஞ்சல் இருக்கலாம். ஒரே பெயரில் அனுமதி மறுப்புகள் குவிந்தால், யாரோ கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கக்கூடும். பழைய கடவுச்சொல்லை மறவாத கைப்பேசியாகவும் இருக்கலாம்!