சாம்பல் நிற ஜெட்டுக்கு அக்காவின் டிப்ஸ்

போர் விமான மாடல் செய்ய ஆசை, எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்கிற தம்பி, தங்கைகளுக்கு நான் கைகாட்டுவது ஜப்பானின் டமியா நிறுவனத்து எஃப்-16 கிட்டைத்தான், 1/72 அளவில். நிஜ விமானம் சுமார் 15 மீட்டர் நீளம். மாடல் 21 சென்டிமீட்டர், படிக்கிற மேசை ஓரத்திலேயே நிற்கும். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் பாகங்கள் நன்றாகப் பொருந்தும். மலிவாக ஒன்றை வாங்கி, இடுக்குகளுக்குப் புட்டி பூசியே அலுத்துப்போய்ப் பரணில் ஏற்றுவதற்கு இது தேவலை.

இன்றைய ஜெட்டில் ஒரு சங்கடம் உண்டு. பழைய உலகப்போர் விமானங்களின் பச்சை, பழுப்புத் திட்டுகள் சின்னக் குறைகளை மறைத்துவிடும். இதற்கு உடம்பெல்லாம் சாம்பல். ஒட்டிய கோடு ஒன்று மிஞ்சினாலும் பளிச்சென்று தெரியும். அதனால் பெயின்ட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை உப்புத்தாளுக்குக் கொடு.

பெட்டியைப் பிரித்ததும் பாகங்களைச் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவை. அச்சில் வார்த்தபோது ஒட்டிய பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. நிப்பர் என்ற வெட்டுக்குறடால் வெட்டும்போது பாகத்தை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு மிச்சத்துக்கு இன்னொரு வெட்டு. ஒரே வெட்டில் எடுக்கப் பார்த்தால் பிளாஸ்டிக் வெளுத்து, பிய்ந்துகொண்டு வரும்.

மாடல் சிமென்ட் சாதாரணப் பசை போல நடுவில் நின்று ஒட்டுவதில்லை. இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். எனவே முதலில் ஒட்டாமல் பொருத்திப் பார். சரியாக இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கோட்டின் மேல் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த வாடை நல்லதல்ல. ஒரு ராத்திரி விட்டுவிட்டு 400, 800, 1000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்.

எஃப்-16-இல் எல்லார் கண்ணும் போகிற இடம், வயிற்றுக்குக் கீழே வாய் பிளந்திருக்கும் காற்று நுழைவாய். அதன் உட்புற ஒட்டுக்கோட்டை உடம்போடு சேர்ப்பதற்கு முன்பே தேய்த்து, உள்ளே வெள்ளை அடித்துவிடு. பிறகு விரல் போகாது. விமானி அறைக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டாம்; கண்ணாடி மூடியபின் இந்த அளவில் அங்கே அதிகம் தெரியாது.

அந்தக் கண்ணாடிப் பக்கம் சூப்பர் குளூ வரவே கூடாது, ஆவி பட்டு வெள்ளையாகப் புகை படிந்துவிடும். வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. இன்னொன்று: பெயின்ட் தப்பாகிவிட்டதென்று அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தூக்காதே. அதிலுள்ள அசிட்டோன் பெயின்ட்டோடு இறக்கையையும் கரைத்துவிடும்!

பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடி. அது காய்ந்ததும் நேராக டீக்கலுக்கு, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களுக்கு, போகாமல், பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் கொடு. சொரசொரப்பான மேற்பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, டீக்கலைச் சுற்றி வெள்ளி போல மின்னும். டீக்கலைத் தண்ணீரில் முக்கி எடுத்து, தாளிலிருந்து தானாக வழுக்கும்வரை பொறு, நகத்தால் சுரண்டாதே.

உடல் தகடுகளின் கோடுகளுக்குக் கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயின்ட், ஊற்றுவது இப்போது ஃபேஷன். எனக்குப் பிடிக்காது. மாடலில் கோடு 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜ விமானத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல். அப்படி ஓட்டை விழுந்த விமானம் பறக்குமா? உடம்பு நிறத்தைவிடச் சற்றே அடர்ந்த சாம்பலில் நீர்க்கக் கலந்து விடு, மிச்சத்தைப் பஞ்சால் துடை. அடியில் உள்ளது அக்ரிலிக் என்றால் வாஷ் எனாமலாக இருக்கட்டும், துடைக்கும்போது கீழே உள்ள நிறம் வராது. எல்லாம் முடிந்தபின் மேட் வார்னிஷ்.

ஏவுகணை, குண்டு, எரிபொருள் தொட்டி என்று பெட்டியில் இருப்பதையெல்லாம் தொங்கவிட்டால் விமானத்தின் வடிவமே மறைந்துபோகும். முதல் மாடலுக்கு இறக்கை நுனிகளில் பக்கத்துக்கொரு ஏவுகணை போதும்.