டயரும் ஒரு பாடநூலே!

(பத்தாம் வகுப்பு மாணவி)

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் பெரியோர். தேருக்கு அச்சாணி எப்படியோ, காருக்கு டயர் அப்படியே. ஆயினும் கார் வாங்கும்போது நாம் அதன் நிறத்தைப் பார்க்கிறோம். இருக்கையைத் தடவிப் பார்க்கிறோம். பாட்டுப் பெட்டி பாடுகிறதா என்று கேட்கிறோம். டயரை மட்டும் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. எங்கள் குடும்பமும் அப்படித்தான் இருந்தது. மழை வந்து எங்களுக்குப் பாடம் கற்பித்தது.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. குலசேகரத்துக்கு அருகிலுள்ள பாட்டி வீட்டிலிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இலேசான தூறல்தான். அப்பா வேகமாகவும் ஓட்டவில்லை. வளைவில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டியின் முன்பாகம் நின்றும் நிற்காமலும் இருக்க, பின்பாகம் மட்டும் தானே விலகிச் சுழன்றது. அம்மா தம்பியை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டார். பின்சக்கரம் சானல் கரையில் நட்டிருந்த கல்லில் இடித்து நின்றது. கல்லுக்கு அப்பால் நிறைந்து ஓடும் தண்ணீர். யாருக்கும் காயமில்லை. வீடு வந்து சேரும்வரை யாரும் பேசவும் இல்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். “பட்டன் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று அப்பா கேட்டார். எங்கள் கார் பழைய வண்டியாக வாங்கியது. டயரில் பட்டன் தேயாமல் இருந்ததைப் பார்த்துத்தான் அப்பா அதற்கு நல்ல விலை கொடுத்திருந்தார். மெக்கானிக் அண்ணன் பின் டயரில் கட்டைவிரல் நகத்தை ஊன்றிக் காட்டினார். நகம் பதியவே இல்லை, கல்போல் இருந்தது. பக்கவாட்டில் முடியிழைபோல் வெடிப்புகள். பிறகு, ஒரு சிறு வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 1716. “இதுதான் சார் இதோட பிறந்த நாள்” என்றார். அந்த வாரம் முழுவதும் நாங்கள் டயரைப் பற்றியே படித்தோம். படித்தவற்றைத் தோழியருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு தாளுக்கும் குறைவான இடம்

நாம் ஏறி அமர்ந்த சிறு கார் ஒன்றின் மொத்த எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 300 கிலோவைச் சுமக்கும். டயரினுள் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. 300-ஐ 2.25-ஆல் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான்! ஓர் உள்ளங்கை அளவு. நான்கையும் சேர்த்தாலும் ஓர் ஏ4 தாளின் பரப்பை எட்டாது. குடும்பம் முழுவதையும் நிறுத்துவதும் திருப்புவதும் அந்த ஒரு தாள் அளவு இடமே. ஆகையால் அந்த இடத்தில் இருக்கும் ரப்பர் எப்படிப்பட்டது என்பது அற்பமான கேள்வி அன்று.

மரத்தின் பாலும் கந்தகமும்

எங்கள் பாட்டி ஊரில் சாலையின் இரு பக்கமும் ரப்பர் மரங்களே. விடியுமுன் பட்டையில் கீறிவிட, சிரட்டையில் வெள்ளைப் பால் சொட்டும். அந்தப் பாலிலிருந்து எடுக்கும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிபெறும் என்று கண்டார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் பாலம்போல் இணைத்துவிடுகிறது. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று அவர் செய்து பார்த்ததே அதன் தொடக்கம். 1946-இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. இன்று நம் கார்களில் இருப்பவை ரேடியல் டயர்களே. அதே 1946-இல்தான் சென்னைத் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறிய பலூன் தொழிற்கூடம் தொடங்கினார். அது பின்னர் எம்.ஆர்.எஃப். என்னும் பெரிய டயர் நிறுவனமாக வளர்ந்தது.

பக்கவாட்டில் எழுதிய பாடம்

டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகள் அழகுக்காகப் பொறித்தவை அல்ல. எங்கள் வண்டியில் 165/80 ஆர் 14 85 எஸ் என்று இருந்தது. இதைப் பிரித்துப் படிப்போம்.

165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம் என்பதைக் குறிக்கும். அதாவது 132 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 என்பது சுமை எண். அதற்குரிய அட்டவணைப்படி ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும். எஸ் என்பது வேக எழுத்து. மணிக்கு 180 கிலோமீட்டர் வரை என்று பொருள். அவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு அன்று அது!

புது டயரின் அளவு, வண்டி செய்தவர்கள் சொன்ன அளவாகவே இருக்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலோ, வண்டியோடு தந்த கையேட்டிலோ அதைக் காணலாம். சுமை எண்ணும் வேக எழுத்தும் அதில் சொன்னதைவிடக் குறையக்கூடாது. அளவு மாறினால் கெடுவது என்ன? சக்கரத்தின் சுற்றளவு மாறும். வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். எங்கள் டயரின் முழு விட்டம் 355.6 + 132 + 132 = 619.6 மில்லிமீட்டர். சில கார்களின் விலை உயர்ந்த வகைக்கு 185/65 ஆர் 15 என்ற அளவு தருகிறார்கள். அதைக் கணக்கிட்டால் 621.5 மில்லிமீட்டர். வேறுபாடு இரண்டு மில்லிமீட்டரே! ரிம் பெரிதானால் பக்கச் சுவர் குட்டையாகி, மொத்த விட்டம் மாறாமல் காக்கப்படுகிறது. ஆகவே அழகுக்காக வெறும் அகலத்தைக் கூட்டிப் போடுவது தவறு. அது ரிம்மில் சரியாகப் பொருந்தாமலும், திருப்பும்போது வண்டியின் உடலில் உரசியும் தொல்லை தரும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

டயருக்கும் வயது உண்டு

டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. 1716 என்றால் 2016-ஆம் ஆண்டின் 17-ஆவது வாரம். அந்த மழை மாலையில் எங்கள் பின் டயர்களுக்கு வயது ஏழரை! இந்த எண்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம். வெளிப்பக்கம் காணாவிட்டால் உட்பக்கம் பார்க்க வேண்டும்.

ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் அதைச் சிறிது சிறிதாக இறுகச் செய்கின்றன. இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றாது. ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்றும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் ஓட்டவே கூடாது என்றும் டயர் செய்பவர்கள் கூறுகிறார்கள். ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு.

பட்டனுக்கும் அளவு இருக்கிறது. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் தீர்ந்தது என்று பொருள். ஆனால் மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களே. அவை ஆழம் குறைந்தால், தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது டயர் சாலையை விட்டு நீரின்மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பயன் தரா. எனவே அடைமழை பெய்யும் நம் பக்கத்தில் 3 மில்லிமீட்டர் ஆனதுமே மாற்றுவது நல்லது. அளக்க நம் ஜியோமிதிப் பெட்டியின் அளவுகோலே போதும்.

கடையில் நடந்தது

எங்கள் முன் டயர்கள் இரண்டும் 2020-இல் செய்தவை. பட்டன் 5 மில்லிமீட்டர் இருந்தது. ஆகவே இரண்டு புது டயர் வாங்கினால் போதும் என்று அப்பா முடிவு செய்தார். நான்கு வாங்கப் பணமும் இல்லை. நாங்களும் கூடப் போனோம்.

கடைக்காரர் பளபளவென்று இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் குனிந்து படித்தோம்: 0821. “அப்பா, இது 2021 பிப்ரவரி. வயது மூன்றாகப் போகிறது” என்றோம். கடைக்காரர் சிரித்தார். “கடையிலே சும்மாதானே பாப்பா இருந்தது, புதுசுதான்” என்றார். நிழலில் ஒழுங்காக வைத்த டயர் அவ்வளவு விரைவில் கெடாது என்பது உண்மையே. ஆனாலும் முழு விலை கொடுத்துவிட்டு அதன் ஆயுளில் மூன்று ஆண்டை நாம் ஏன் இழக்க வேண்டும்? அப்பா வேறு கேட்டார். உள்ளேயிருந்து 3123 வந்தது. அதாவது 2023-இன் 31-ஆவது வாரம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. சுமை எண், வேக எழுத்து, இரண்டிலும் ஒரே பட்டன் வடிவம் என எல்லாம் பார்த்துக்கொண்டோம். விலை ஒன்றே!

அடுத்து வந்தது பெரிய கேள்வி. “எஞ்சின் முன்னாலே இழுக்குது சார். புதுசை முன்னாலே போட்டு, முன்னாலே இருக்கிறதைப் பின்னாலே மாத்திடலாம்” என்றார் கடைக்காரர். கேட்கச் சரியாகவே தோன்றும். ஆனால் இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால்தான் இருக்க வேண்டும் என்பதே டயர் நிறுவனங்களின் அறிவுரை. முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் உடனே தெரியும். வேகத்தைக் குறைத்தால் வண்டி பெரும்பாலும் மீண்டும் பிடிக்குள் வரும். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டி பம்பரமாகச் சுழலும். நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பத்து ஓட்டுநரால் அதைத் திருத்த முடியாது. எங்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சானல் கரை கண்முன் நின்றது. புது டயர்கள் பின்னாலேயே ஏறின.

சக்கரச் சமன் பார்த்தார்கள்; அலைன்மென்டும் செய்தார்கள். புறப்படும்போது கடைக்காரர், “பழைய டயர் ரெண்டையும் விட்டுட்டுப் போங்க சார், ஐந்நூறு ரூபா கழிச்சுக்கலாம். பட்டன் இருக்கே, யாராவது வாங்குவாங்க” என்றார். அப்பா பில்லைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். “வேண்டாம். ரெண்டையும் வெட்டிடுங்க” என்றார். எங்கள் கண்முன்னேயே அவற்றின் பக்கச் சுவரைக் கத்தியால் கிழித்தார்கள். அந்த ஐந்நூறு ரூபாய் எங்கள் வீட்டில் சிறிய தொகை அன்று. ஆனால் அந்த டயர் இன்னொரு வீட்டு வண்டியில் ஏறி, இன்னொரு தாயின் மடியைத் தேடியிருக்கும் அல்லவா?

வாங்கிய பின்

புது டயரின் மேற்பரப்பு முதலில் சற்று வழுக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். மாதம் ஒருமுறை, டயர் சூடாகும் முன் காற்றை அளக்க வேண்டும். எவ்வளவு என்பது கதவுத் தூணின் சீட்டில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அழுத்தம்; அதைப் பார்த்து அடைக்கக்கூடாது. நைட்ரஜன் அடைத்தால்தான் நல்லது என்பவர்களுக்கு நம் வேதியியல் பாடமே விடை சொல்லும்: சாதாரணக் காற்றிலேயே நைட்ரஜன் 78 சதவீதம். ஸ்டெப்னியை மறக்கவே கூடாது. எங்கள் ஸ்டெப்னியிலும் 1716 என்றே இருந்தது! இப்போது அது பஞ்சர் கடைவரை மெதுவாகப் போவதற்கு மட்டுமே. அதையும் மாற்ற அம்மா பணம் சேர்த்து வருகிறார்.

நிறைவாக

“பெண் பிள்ளைகளுக்கு டயரைப் பற்றி எதற்கு?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். வண்டியை ஓட்டுபவர் அப்பாவாக இருக்கலாம். ஆனால் பின் இருக்கையில் அமர்பவர்கள் அம்மாவும் பாட்டியும் நாமும்தானே! எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் டயரையும் படிக்கலாம். இரண்டு நிமிடம் குனிய மனம் வேண்டும், அவ்வளவே. தோழியரே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் வண்டியின் பக்கத்தில் குனிந்து அந்த நான்கு எண்களைத் தேடுங்கள். வண்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு மாமாவின் வண்டியில் பாருங்கள். கண்ட எண்ணை அப்பாவிடம் சொல்லுங்கள். மழைக்காலம் வருமுன் சொல்லுங்கள்.