பின்விளக்கு

மக்கள் ஏற்றும் விளக்குகள் இருவகைப்படும். ஒருவன் பிறவற்றைக் காண்பதற்காக ஏற்றுவது ஒன்று; பிறர் அவனைக் காண்பதற்காக ஏற்றுவது மற்றொன்று. நூல் கற்பதற்கு வீட்டில் ஏற்றும் விளக்கு முதல்வகையைச் சாரும். கடற்கரையில் உயர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கம் இரண்டாம் வகையைச் சாரும். முன்னாளில் இரவில் நெடுவழி சென்ற கட்டைவண்டிகளின் அடியில் அரிக்கேன் விளக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதன் ஒளி காளைகளுக்கு வழிகாட்டப் போதாது. வண்டியோட்டியோ சில வேளைகளில் உறங்கியும் விடுவான். ஆயினும், ‘இங்கு ஒரு வண்டி செல்கின்றது’ என்பதை அவ்வழியே வருவோர்க்கு அச்சிறு விளக்கு உணர்த்திற்று.

இக்காலத்தில் சாலைகளில் மிகுந்து காணப்படும் மோட்டார் சைக்கிளில் இவ்விருவகை விளக்குகளும் உள்ளன. முன்விளக்கு ஓட்டுபவனுக்கு வழியைக் காட்டுகின்றது. பின்விளக்கு, பின்னால் வருவோர்க்கு ஓட்டுபவனைக் காட்டுகின்றது. முன்விளக்கு அணைந்தால் அவன் அப்பொழுதே அறிவான், வழி இருண்டுவிடும். பின்விளக்கு அணைந்தாலோ அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் முன்போலவே விரைந்து செல்வான். தெரியவேண்டியவன் பின்னால் வரும் லாரியோட்டி. அவனுக்கும் காலங்கடந்தே தெரியவரும். பின்விளக்கைப் பேணுவதில் அமைந்துள்ள அருமை இதுவே.

பின்விளக்கு ஊமையன்று, அது மூன்று செய்திகளைச் சொல்லும். மங்கிய செவ்வொளியால், ‘நான் இங்கு இருக்கின்றேன்’ என்கின்றது. பிரேக்கைப் பிடித்தவுடன் மிக்கு எரிந்து, ‘நான் விரைவு தணிகின்றேன்’ என்கின்றது. இருபுறமும் உள்ள மஞ்சள் விளக்குகள் விட்டு விட்டு எரிந்து, ‘நான் திரும்புகின்றேன்’ என்கின்றன. முதலிரண்டு செய்திகளையும் பல வண்டிகளில் ஒரே பல்பு சொல்கின்றது. அதனுள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று 5 வாட்டு ஆற்றலுடன் எப்பொழுதும் எரியும். மற்றொன்று 21 வாட்டு ஆற்றலுடன் பிரேக்குப் பிடிக்கும்பொழுது மட்டும் எரியும். இவை இடம் மாறிவிடாதபடி, பல்பின் அடியிலுள்ள இரு முளைகளும் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைக்கப்பட்டுள்ளன.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பின்னால் வருவோன் மங்கிய ஒளிக்கும் மிக்க ஒளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டே, ‘பிரேக்குப் பிடிக்கப்பட்டது’ என அறிகின்றான். விளக்கை மேம்படுத்த எண்ணி, எப்பொழுதும் எரியும் ஒளியையே பிரேக்கு ஒளிக்கு நிகராகக் கூட்டிவிட்டால் அவ்வேறுபாடு மறைந்துபோம். உரத்த குரலில் ஓயாது பேசுவோன் ஒருநாள் ஆபத்து என்று கூவினாலும் கேட்போர் திரும்பிப் பாரார். ஒளியும் அத்தகையதே. ஆதலின் மேம்பாடு என்பது ஒளியை மிகுத்தல் மட்டும் அன்று. செய்தியைத் தெளிவாக்கலே மேம்பாடு.

மோட்டார் சைக்கிளுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. கார்களின் பின்புறத்தில் இடமும் வலமுமாக இரு விளக்குகள் உள்ளன. நெருங்க நெருங்க அவற்றின் இடைவெளி அகன்று தோன்றும். அதனைக்கொண்டு தொலைவை மதிப்பிடலாம். மோட்டார் சைக்கிளிலோ பெரும்பாலும் ஒற்றை விளக்கே உள்ளது. இருளில் அது ஒரு புள்ளியாகவே தோன்றும். அண்மையிலுள்ள மங்கிய புள்ளியும் தொலைவிலுள்ள தெளிந்த புள்ளியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே காணப்படும். இம்மயக்கமே இரவில் பல விபத்துகளுக்கு இடந்தருகின்றது.

ஒரு சிறு கணக்கு இதன் பொருட்டை விளக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 20 மீட்டர் கடக்கும். முன்னுள்ள விளக்கைக் கண்டு, கருதி, காலால் பிரேக்கை மிதிப்பதற்கு ஏறத்தாழ ஒரு வினாடியேனும் கழியும். பிரேக்குப் பற்றுவதற்கு முன்னரே 20 மீட்டர் போயிற்று! 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்புறச் செவ்விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிதல் வேண்டும் என்கின்றன. அத்தொலைவையும் அவ்வண்டி எட்டு வினாடிக்குள் கடந்துவிடும்.

இனி, பின்விளக்கை மேம்படுத்தும் முறைகளைக் காண்போம். புதியது வாங்குவதற்குமுன் உள்ளதைத் துலக்குதல் வேண்டும். விளக்கின் செந்நிற மூடியில் சேறும் புழுதியும் படிந்து ஒளியை விழுங்கும். ஈரத்துணியால் துடைத்தாலே பாதிக் குறை நீங்கும். மூடி வெயிலில் வெளுத்தோ வெடித்தோ இருப்பின் மாற்றுதல் நலம். அடுத்து, பல்பு பொருந்தும் கிண்ணத்திலும் ‘எர்த்து’க் கம்பி சட்டத்தோடு சேருமிடத்திலும் துருப்பிடித்தால் மின்னோட்டம் தடைப்பட்டு ஒளி மங்கும். அவ்விடங்களைத் தேய்த்துத் தூய்மை செய்து இறுக்குதல் வேண்டும். கைப்பிரேக்கு, கால்பிரேக்கு இரண்டிற்கும் தனித்தனி ஸ்விச்சுகள் உள்ள வண்டிகளில், இரண்டையும் தனித்தனியே பிடித்துப் பார்த்தல் வேண்டும். ஒன்று பழுதுற்றிருந்தாலும், மற்றொன்று எரிவதைக் கண்டு ஏமாறுவோர் பலர்.

துலக்கிய பின்னும் ஒளி போதாதெனின், பழைய பல்பிற்கு மாறாக எல்.இ.டி. விளக்கைப் பொருத்தலாம். ஒளி உமிழ் டையோடு என்பதன் சுருக்கப்பெயர் அது. கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளியை உமிழும் டையோடை 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நிக் ஹோலன்யாக் உருவாக்கினார். பழைய பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறிய பின்னரே ஒளிவிடும். மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே கழிந்துவிடும். எல்.இ.டி.யில் இழை இல்லை. அது குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும். குண்டுங்குழியுமான சாலையின் அதிர்ச்சியால் அறுந்துபோவதற்கு அதில் இழையும் இல்லை.

இவற்றினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. பழைய இழை சூடேறி முழுதும் ஒளிர்வதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். எல்.இ.டி.யோ மின்சாரம் பாய்ந்த அக்கணமே ஒளிரும். கண்ணிமைப்பொழுது தானே என எண்ணுதல் கூடாது. மேற்கூறிய விரைவில் அப்பொழுதிற்குள் வண்டி 4 மீட்டர் ஓடிவிடும். அஃது ஏறத்தாழ இரு மோட்டார் சைக்கிள்களின் நீளமாகும். மோதலுக்கும் தப்புதலுக்கும் இடையே உள்ள தொலைவு சில வேளைகளில் அதனினும் சிறிது.

எல்.இ.டி. வாங்குவோர் நினைவிற்கொள்ள வேண்டியவை சில உள. செந்நிற மூடிக்குள் வெள்ளை எல்.இ.டி.யைப் பொருத்தினால் பயன் குறையும். அவ்வெள்ளொளியில் நீலமும் மஞ்சளும் மிகுதி, சிவப்புக் குறைவு. மூடி சிவப்பை மட்டும் விடுத்துப் பிறவற்றைத் தடுத்துவிடும். ஆதலின் செந்நிற மூடிக்குச் செந்நிற எல்.இ.டி.யே ஏற்றது. ஆயினும் பின்விளக்கின் அடிப்புறத்துச் சாளரத்தின் வழியே எண் பலகைக்கும் ஒளி வேண்டப்படுமாயின், அப்பக்கம் மட்டும் வெள்ளொளி தரும் அமைப்பைத் தேர்தல் வேண்டும். திரும்பு விளக்குகளையும் மாற்றினால் அவை மிக விரைந்து சிமிட்டக் கூடும். பழைய ‘பிளாஷர்’, மின்னோட்டம் குறைந்தமையால், பல்பு அணைந்ததாகக் கொள்வதே அதன் காரணம். எல்.இ.டி.க்கு ஏற்ற பிளாஷரைப் பொருத்தினால் அக்குறை நீங்கும்.

மின்சாரமே வேண்டாத துணை ஒன்றும் உண்டு. அஃது எதிரொளிப்பான். இருளில் பூனையின் கண்கள் விளக்கொளி பட்டுப் பளிச்சிடுவதைப் பலரும் கண்டிருப்பர். எதிரொளிப்பானும் தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று சிறு பரப்புகள் கூடிய மூலைகள் பல அதனுள் வரிசையாக உள்ளன. எத்திசையினின்று ஒளி வந்து அம்மூலையில் புகுந்தாலும், மும்முறை பட்டுத் தெறித்து அத்திசைக்கே மீளும். 1969ஆம் ஆண்டில் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 வீரர்கள் இத்தகைய மூலைகள் நூறு பதித்த தட்டொன்றை அங்கு வைத்து மீண்டனர். மண்ணுலகினின்று செலுத்தும் லேசர் ஒளியை அது திருப்பியனுப்ப, நிலவின் தொலைவை அறிஞர் அளக்கின்றனர். அதே தத்துவம் மோட்டார் சைக்கிளின் பின்புறத்துச் சிறு செந்தகட்டிலும் விளங்குகின்றது. பாட்டரி தீர்ந்து வழியில் நின்றுவிட்ட வண்டியையும் அது காத்துநிற்கும். இருபுறமும் தள்ளி ஒவ்வொரு தகடு பொருத்தினால், ஒற்றைப் புள்ளியாய்த் தோன்றிய வண்டிக்கு அகலமும் தோன்றும்.

மேம்படுத்தல் அளவு கடத்தலும் ஆகாது. பின்னால் வருவோன் கண்கூசும்படி ஒளிர்வது உதவியன்று, இடையூறே. பின்புறம் வெள்ளொளி காட்டினால் எதிரே வரும் வண்டி என மயங்குவர். அழகு கருதி மூடிக்குக் கருஞ்சாயம் பூசுதல், சொல்ல வந்தவன் வாயைப் பொத்துதலை ஒக்கும். புற்கட்டும் மூட்டையும் பின்னிருப்போர் ஆடையும் விளக்கை மறைக்காதபடி பார்த்துக்கொள்ளுதலும் கடமையாகும்.

நல்ல விளக்கு அமைந்தாலும் ஓட்டுபவன் பழக்கமும் அதனோடு இயைதல் வேண்டும். எஞ்சின் விரைவைக் குறைத்தோ, கியரைக் கீழிறக்கியோ வண்டியைத் தணிக்கும்பொழுது பிரேக்கு விளக்கு எரிவதில்லை. அவ்வேளையில் பிரேக்கை மெல்லத் தொட்டால் பின்னால் வருவோர்க்கு அறிவிப்பாகும். இரவில் புறப்படுமுன் வண்டியின் பின்புறத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்திப் பிரேக்கைப் பிடித்தால், சுவரில் படியும் செவ்வொளி கூடிக் குறைவதை இருந்த இடத்திலிருந்தே காணலாம். இதற்குக் காசு வேண்டா. அரை நிமிடம் போதும்.

தன் கண்ணில் படாத ஒன்றைப் பேணுதல் எளிதன்று. பின்விளக்கின் ஒளியால் ஓட்டுபவன் எதனையும் காண்பதில்லை. பிறர் அவனைக் காண்கின்றனர். அவ்வாறு கண்டோர் விலகிச் செல்வதனாலேயே அவனும் வீடு சேர்கின்றான். அவரும் வீடு சேர்கின்றனர். பிறர் பொருட்டு ஏற்றிய விளக்கு ஏற்றியவனையும் காக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பயிற்சி

1. பின்விளக்கு சொல்லும் மூன்று செய்திகள் யாவை?
2. பின்விளக்கின் ஒளியை அளவின்றிக் கூட்டுதல் ஏன் தகாது?
3. மணிக்கு 54 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஐந்தில் ஒரு பங்கு வினாடியில் எத்துணைத் தொலைவு கடக்கும்? கணக்கிடுக.
4. எதிரொளிப்பான் ஒளியைத் திருப்பும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
5. உன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வண்டியின் பின்விளக்கைச் சோதித்து, கண்ட குறைகளை ஒரு பத்தியில் எழுதுக.