மியூ அலை வலிப்பு நோயன்று

இரவுப் பணி முடித்து வெளியே வரும் இளைஞர் மயங்கி விழுகிறார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலிருந்து இவ்வாறு வருவோருக்கு ஈ.ஈ.ஜி. எனும் மூளை மின்னலைப் பதிவு எடுக்கிறோம். அறிக்கையில் 'கூர்மையான அலைகள்' என்ற சொற்களைக் கண்டதும், "காக்காய் வலிப்பா, டாக்டர்?" என்று குடும்பத்தார் கலங்குகின்றனர். அந்தக் கூர்மை சில வேளைகளில் மியூ அலையாக இருக்கலாம். அது இயல்பான அலை.

கை கால் அசைவையும் தொடு உணர்வையும் ஆளும் மூளைப் பகுதியின் மேல், உடல் அசைவற்று ஓய்ந்திருக்கும்போது, நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை இது எழுகிறது. ஒருபுறம் கூராகவும் மறுபுறம் வட்டமாகவும், வரிசையாக நிற்கும் வளைவுகளைப் போலத் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் ஆன்றி கஸ்தோ 1952-இல் இதனை 'வளைவு அலை' என்றே விவரித்தார். கூரான முனையே குழப்பத்திற்குக் காரணம்.

பதிவின் நடுவே, "வலக்கையை இறுக மூடுங்கள்" என்று பரிசோதகர் கூறுவது பலருக்கு வியப்பளிக்கும். காரணம் இதுதான்: வலக்கையை மூடினால் இடப்பக்க மியூ அலை மறையும். கையை அசைப்பதாக மனத்தில் எண்ணினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கண்ணைத் திறந்தால் மறையும் ஆல்பா அலையோ வேறு. வலிப்புக்குரிய அலைகள் பொதுவாக இவ்வாறு கையசைவுக்குப் பணிவதில்லை. மண்டையோட்டில் அறுவை செய்யப்பட்ட இடத்தின் மேலும் அலைகள் உயரமாகவும் கூராகவும் தெரியும். ஆகவே பழைய தலைக்காயத்தையும் அறுவையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதைத் தவறாகப் படித்தால், நோயில்லாதவர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்க நேரும்; ஓட்டுநர் உரிமம், இயந்திரப் பணி, திருமணப் பேச்சு அனைத்தும் தடைப்படும். இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு நோய் 1999-இல் நீக்கப்பட்டது. ஊர்ப்பேச்சிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

எனினும் மியூ அலை இருப்பதனால் வலிப்பு இல்லை என்றும் ஆகாது. வலிப்பு உள்ளவருக்கும் இவ்வலை இருக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். மயக்கத்தை நேரில் கண்டவரை உடன் அழைத்து வாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்திருந்தால் அதையும், பழைய ஈ.ஈ.ஜி. தாள்களையும் கொண்டு வாருங்கள்.