அனோட்டேஷன் போட்டால் போதுமா?

நம்பிக்கை: மெத்தட் தலையில் @டிரான்ஸாக்ஷனல் என்று எழுதிவிட்டால், யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் டிரான்ஸாக்ஷன் தொடங்கிவிடும்.

உண்மை: ஜாவா ஸ்பிரிங்கில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இந்த நம்பிக்கைதான். அனோட்டேஷன் தானாக எதுவும் செய்யாது. அதைப் படித்து வேலை செய்வது ப்ராக்ஸி என்ற தனி ஆப்ஜெக்ட். உங்கள் சர்வீஸ் கிளாஸை உருவாக்கியதும் அதன் முன்னால் ஒரு ப்ராக்ஸியை நிறுத்தி, மற்ற கிளாஸ்களின் கையில் ஸ்பிரிங் அதையே கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு ப்ராக்ஸிக்குள் நுழைந்து, இன்டர்செப்டர்களை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் உங்கள் மெத்தடுக்கு வரும். ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிட்டால் அது நேரே போய்விடும். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிறவரை வாசல் காவலாளி எப்படிப் பார்ப்பார்?

பில் போடும் சர்வீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளி மெத்தட் @டிரான்ஸாக்ஷனல். லூப்பில் ஒவ்வொரு பில்லாக எடுத்து, அதே கிளாஸில் உள்ள சேமிக்கும் மெத்தடிடம் கொடுக்கிறது. ஒரு பில் தவறினாலும் மற்றவை தப்ப வேண்டும் என்று சேமிக்கும் மெத்தடுக்கு ‘ரிக்வயர்ஸ் நியூ’ போட்டு, லூப்பில் டிரை-கேட்சும் வைத்தாயிற்று. ஒரு பில்லின் தலைப்பு வரி தரவுத்தளத்தில் ஏறுகிறது. அடுத்த வரியில் சரக்கு இருப்பு போதவில்லை என்று நம் கோடே எக்ஸெப்ஷன் எறிகிறது. கேட்ச் அதை விழுங்கிவிடுகிறது. புது டிரான்ஸாக்ஷன் தொடங்கவே இல்லை என்பதால் ரோல்பேக் செய்ய ஆளில்லை. கடைசியில் வெளி டிரான்ஸாக்ஷன் கமிட் ஆகும்போது, பொருள்களே இல்லாத அந்த அரை பில்லும் சேர்ந்து கமிட் ஆகிறது. லாகில் எரர் மாதிரி எதுவும் தெரியாது. கணக்குப் பார்ப்பவர்தான் கண்டுபிடிப்பார்.

சேமிக்கும் மெத்தடை வேறு பீனுக்கு மாற்றுவதே நல்ல தீர்வு. தன்னையே தனக்குள் இன்ஜெக்ட் செய்துகொள்ளும் வித்தையும் வேலை செய்யும். படிப்பவர் குழம்புவார், எனக்குப் பிடிப்பதில்லை.

நம்பிக்கை: இப்படி அழைப்பில் குறுக்கிடும் ஏஓபி (ஆஸ்பெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்) என்றாலே ப்ராக்ஸிதான், உள் அழைப்பைத் தவறவிடும் குறை அதன் கூடப் பிறந்தது.

உண்மை: ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கிரெகர் கிக்சாலஸும் சகாக்களும் 1997-இல் முன்வைத்த கருத்து ஏஓபி. அங்கே பிறந்த ஆஸ்பெக்ட்ஜே, பைட்கோடுக்குள்ளேயே ஆஸ்பெக்டை நெய்துவிடும். உள் அழைப்பும் பிரைவேட் மெத்தடும் அதற்குத் தப்பாது. ப்ராக்ஸி என்பது ஸ்பிரிங் எளிமைக்காகத் தேர்ந்த வழி, அவ்வளவே.

நம்பிக்கை: இன்டர்ஃபேஸ் இல்லாமல் ப்ராக்ஸி வராது.

உண்மை: ஜாவாவோடு வரும் டைனமிக் ப்ராக்ஸிக்குத்தான் இன்டர்ஃபேஸ் தேவை. சிஜிலிப் என்ற லைப்ரரி, உங்கள் கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸை ஓடும்போதே உருவாக்கும். ஸ்பிரிங் பூட் 2.0 முதல் இயல்பு வழி இதுதான். சப்கிளாஸ் என்பதால் ஃபைனல் மெத்தடை அதனால் ஓவர்ரைடு செய்ய முடியாது. இன்டர்செப்டர் ஓடாது என்பதோடு விஷயம் முடிவதில்லை. வழக்கமாக ப்ராக்ஸி ஆப்ஜெக்டை உருவாக்கும்போது கன்ஸ்ட்ரக்டர் ஓடுவதில்லை; அதன் ஃபீல்டுகள் எல்லாம் நல். ஃபைனல் மெத்தட் ப்ராக்ஸியின் மேலேயே ஓடி, இன்ஜெக்ட் ஆனதாக நீங்கள் சத்தியம் செய்யும் ரெப்பாசிட்டரியில் நல் பாயிண்டர் எறியும். கோட்லினில் சொல்லாவிட்டாலே எல்லாம் ஃபைனல்; அதற்கென்றே ஸ்பிரிங் பிளகின் இருக்கிறது.

நம்பிக்கை: எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் ரோல்பேக்.

உண்மை: இயல்பாக ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கும் எரருக்கும் மட்டுமே. செக்டு எக்ஸெப்ஷன் வெளியேறினால் கமிட் ஆகிவிடும்; வேண்டாமென்றால் ‘ரோல்பேக் ஃபார்’ என்று எழுதுங்கள்.

ப்ராக்ஸியால் புரோகிராம் மெதுவாகும் என்ற புகாருக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. தரவுத்தளத்துக்கு ஒருமுறை போய்வரும் நேரத்தின் முன் அது ஒரு பொருட்டே இல்லை.

ரோல்பேக் ஆகவில்லை என்று தரவுத்தளத்தைத் திட்டுவதற்கு முன், மெத்தடுக்குள் பிரேக்பாயிண்ட் வைத்து ஸ்டாக்கைப் பாருங்கள். உங்கள் மெத்தடின் வரிக்கும் அதைக் கூப்பிட்டவரின் வரிக்கும் நடுவே டிரான்ஸாக்ஷன் இன்டர்செப்டரின் பெயர் இல்லையென்றால், அந்த அழைப்பு ப்ராக்ஸி வழியாக வரவில்லை.