தொண்டரைப் போற்றுதல்: திண்டுக்கல் வட்டாரம் சார்ந்த சில குறிப்புகள்

தமிழ்ச் சொற்களுள் காலந்தோறும் மதிப்பில் உயர்ந்து வந்தது ‘தொண்டு’ என்னும் சொல். தொல்காப்பியத்தில் அது ஒன்பது என்னும் எண்ணைக் குறித்தது. அடிமைத்தன்மை என்னும் பொருளும் அதற்கு உண்டு. பக்தி இலக்கியக் காலத்தில் அந்த அடிமைப் பொருளே பெருமைக்குரியதாயிற்று. சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார். அதனை முதலாகக் கொண்டு சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் இயற்றினார். அந்நூல் போற்றும் அடியார்களுள் குயவர் உளர், வண்ணார் உளர், மீன்பிடிப்போர் உளர், கண்பார்வை இன்றியும் குளம் தோண்டிய தண்டியடிகளும் உளர். சமயத்தால் வேறுபட்ட நாமும் அதனின்று கற்கத்தக்கது ஒன்றுண்டு. தொண்டரைப் போற்றுதல் என்பது பெயர் சொல்லிப் போற்றுதல். தொகை என்பதே பெயர்களின் தொகுப்புதானே!

இக்காலப் பாராட்டு விழாக்களை நோக்குவோம். பொன்னாடை யாருக்குப் போர்த்தப்பெறுகின்றது? நிறுவனருக்கு, புரவலருக்கு, தலைவருக்கு. வெயிலில் நடந்து வீடு வீடாகக் கதவு தட்டியவர் பந்தலின் கடைசியில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். (அம்மேடைகளில் வாழ்த்துரை வழங்கியோருள் யானும் ஒருவன். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.) களத்தில் நிற்கும் தொண்டரை நாம் எவ்வாறு போற்றி வந்துள்ளோம், எவ்வாறு போற்ற வேண்டும் என்பதை நம் வட்டாரத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காந்திகிராமத்துச் சேவிகைகள்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளபட்டிக்கு அருகில் அமைந்துள்ளது காந்திகிராமம். 1947ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அது தோற்றம் பெற்றது. நிறுவியோர் மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் கோ. இராமச்சந்திரனும் ஆவர். அம்மையார் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள், செல்வத்தில் பிறந்தவர். அவருடைய முதற்கணவர் மருத்துவர் சௌந்தரராஜன். மதுரையில் பிளேக் நோய் பரவியபோது நோயாளருக்கு மருத்துவம் பார்த்து, அந்நோயாலேயே 1925இல் மறைந்தார். அதன்பின்னரே அம்மையார் தில்லி சென்று மருத்துவம் கற்று, 1936இல் பட்டம் பெற்றார். அன்னை கஸ்தூரிபாயின் நினைவாக அமைந்த அறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பு அவரிடம் வந்தது. சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிய பணியே இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் சட்டமன்றத்திற்கும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். 1984இல் அவர் மறைந்தபின், 2005இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. இவை யாவும் தகுதியான பெருமைகளே.

ஆயினும் அம்மையார் ஒருவரே அத்தனை ஊர்களுக்கும் சென்றிருத்தல் இயலாது. 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்று காந்திகிராமத்தின் முயற்சியால் தொடங்கப்பெற்றது. (சேலம் பக்கத்து ஆத்தூர் அன்று, நம் ஆத்தூர்.) குடும்பநலப் பணியில் அவ்வட்டாரம் பிற்காலத்தில் நாடறிந்த எடுத்துக்காட்டாயிற்று. இத்தகைய பணி எங்ஙனம் நடைபெறும்? பேறுகாலத்தை வெளியாரிடம் பேசுவதே வெட்கம் எனக் கருதப்பட்ட காலம் அது. படித்த மருத்துவர் காரில் வந்து இறங்கினால் கதவு சாத்தப்படும். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி நடந்து வந்து, திண்ணையில் அமர்ந்து, முதல்நாள் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி, மூன்றாம் முறை வரும்போதுதான் உடல்நலம் பற்றி வாய்திறப்பாள். அவளுக்கே உள்வாசல் திறக்கும். கிராம சேவிகை என்றும் தாதி என்றும் சுகாதார ஊழியர் என்றும் பலவாறு அழைக்கப்பெற்ற இப்பெண்கள்தாம் மருத்துவமனைக்கும் அடுப்படிக்கும் இடையே பாலமாக இருந்தனர். தொண்டு நிறுவனத்தின் உண்மையான முதல் கட்டடமன்று. அறிந்த முகத்தின்மீது ஊரார் வைக்கும் நம்பிக்கையே. அவ்வூழியர் ஊதியம் போதாமல் ஈராண்டில் விலகிச் சென்றால், அந்நம்பிக்கையும் அவருடனே சென்றுவிடும். அடுத்து வருபவர் மீண்டும் மாட்டிலிருந்தும் மழையிலிருந்தும் தொடங்கவேண்டும்.

சௌந்தரம் அம்மையாரின் பெயரை நம் மாணவர் அறிவர். அச்சேவிகைகளுள் ஒருவர் பெயரையேனும் வகுப்பில் கேட்டால் அமைதியே விடையாகும்.

களத்திலிருந்தே எழுந்த ஒருவர்

விதிவிலக்காக அமைந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் ஆவார். 1926இல் நம் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டிப் பகுதியில், நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். மதுரையில் சௌந்தரம் அம்மையாரின் அரவணைப்பில் கல்வி கற்றார். கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனுடன் வினோபாவின் பூமிதான இயக்கத்தில் இணைந்து ஊர் ஊராக நடந்தார். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட கொடுமைக்குப்பின், இருவரும் கீழத்தஞ்சைக்கே சென்று தங்கி உழைத்தனர். 1981இல் உருவான ‘லாஃப்டி’ என்னும் அமைப்பின் வாயிலாகப் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள் நிலம் பெற்றன. பட்டா பெரும்பாலும் பெண்கள் பெயரில் எழுதப்பெற்றது. 1989இல் பத்மஸ்ரீ, 2008இல் கணவரோடு சேர்ந்து ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது, 2020இல் பத்மபூஷண் என மதிப்புகள் அவரைத் தேடி வந்தன.

ஈண்டு நோக்கத்தக்கது அந்தப் பட்டாவே. கையில் ஒன்றுமில்லாதிருந்த பெண்ணின் பெயர் அரசுப் பத்திரத்தில் ஏறுகின்றது. பெயர் எழுதப்படுவதன் வலிமையை அறிந்தவர் கிருஷ்ணம்மாள் எனலாம்.

‘மதிப்பூதியம்’ என்னும் சொல்

தமிழாசிரியன் என்னும் முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் மேற்செல்ல இயலவில்லை. ஊதியத்தைக் காட்டிலும் குறைவாகக் கொடுப்பதற்கு நம் அலுவலகத் தமிழ் ‘மதிப்பூதியம்’ எனப் பெயரிட்டுள்ளது. தொகை குறையும் இடத்தில் மதிப்பு முன்வந்து நிற்கின்றது! ஈதலும் அதனால் வரும் புகழுமே உயிர்க்கு ஊதியம் என்பது வள்ளுவர் கருத்து. ஈவோர்க்கு அது சாலும். ஈந்த பொருளைச் சுமந்து சென்று சேர்ப்பவருக்கு வீட்டில் உலை வைக்க அரிசி வேண்டுமன்றோ?

அரசுத் திட்டங்களிலும் இதே நிலைதான். 2005இல் தொடங்கப்பெற்ற ‘ஆஷா’ ஊழியர்கள் நாடெங்கும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு விருதளித்துப் பெருமை செய்தார். ஆனால் அவர்கள் ‘தன்னார்வலர்’ எனக் கருதப்பட்டு, செய்த வேலைக்கேற்ற ஊக்கத்தொகையே பெற்றுவந்தவர்கள். அங்கன்வாடிப் பணியாளர்க்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 2022இல்தான். திட்டம் தொடங்கியதோ 1975இல்! விருதைக் காட்டிலும் இத்தீர்ப்பே பெரிய பாராட்டு என்பது என் துணிபு.

மார்க்கம் காட்டும் முறை

நம் சமுதாயப் பெரியோர் சிலர், “அல்லாஹ்வுக்காகச் செய்யும் கித்மத்துக்குக் கூலி எதற்கு?” என வினவுவதுண்டு. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் அறுபதாம் வசனம் ஸகாத் பெறத்தக்கோரை எட்டு வகையாகக் கூறுகின்றது. ஏழையரையும் வறியவரையும் அடுத்து மூன்றாவதாக நிற்போர், ஸகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பணியில் உழைப்போர். அறப்பணி செய்பவருக்கு அந்த அறப்பொருளிலேயே பங்கு வைக்கப்பட்டுள்ளது. கூலி பெறுவதால் தொண்டு மாசுபடுமென்றால் இப்பங்கு அங்கே இடம்பெற்றிராது.

பெயரறிதல் பற்றியும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மதீனாவின் பள்ளிவாசலைக் கூட்டித் தூய்மை செய்துவந்த ஒருவர் இறந்துபோனார். சிறிய செய்தி எனக் கருதித் தோழர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அதனைச் சொல்லவில்லை. அவரைக் காணாது நபியவர்கள் விசாரித்தார்கள். இறந்த செய்தி கேட்டு, ஏன் தமக்கு அறிவிக்கவில்லை என்று வினவினார்கள். கபுரைக் காட்டச்சொல்லி அங்கே சென்று தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் என்னும் இரு தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. ஒருவர் வராமையை உணர்வதற்கு, முன்னரே அவரைக் கண்டு அறிந்திருக்க வேண்டும்.

கொரோனாக் காலத்தில் இதன் பொருள் நமக்கு மீண்டும் விளங்கியது. 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றோர் தாக்கப்பட்டனர். உறவினரே அஞ்சி ஒதுங்கிய அந்நாளில், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்கள் பாதுகாப்பு உடையணிந்து, அவரவர் சமய முறைப்படி உடல்களை நல்லடக்கமும் தகனமும் செய்தனர். அவ்விளைஞர் பலர் தம் வீட்டிற்குள் செல்லாது வெளியில் படுத்துறங்கிய நாட்கள் எத்தனையோ! அமைப்பின் பெயர் நிலைத்தது. குழிக்குள் இறங்கியவரின் பெயர்?

எங்கள் தெருவில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டிக் கஃபனிடும் மூதாட்டி ஒருவர் இருக்கின்றார். என் நன்னி இறந்தபோதும் என் தாயார் இறந்தபோதும் அவரே வந்தார். இரு முறையும் வேலை முடிந்ததும் பின்வாசல் வழியே சென்றுவிட்டார். ஒரு தேநீர்கூடக் கொடுத்தோமா என்பது நினைவில்லை. அவரை ‘குளிப்பாட்டுற அம்மா’ என்றே நாற்பது ஆண்டுகளாக அறிவேன்.

எம் துறையின் இளங்கலை மூன்றாமாண்டு மாணாக்கர் இவ்வாண்டு ஒரு குறிப்பேடு தொடங்கியுள்ளனர். பேகம்பூரிலும் சின்னாளபட்டியிலும் ஆத்தூர்ப் பக்கத்து ஊர்களிலும் பழைய சேவிகைகள், பால்வாடி ஆயாக்கள், ஜனாஸாப் பணி செய்வோர் ஆகியோரைக் கண்டு, பெயர், ஊர், பணி செய்த ஆண்டுகள், பெற்ற ஊதியம் ஆகிய நான்கையும் எழுதுவது திட்டம். நான்காவது வினாவைக் கேட்கக் கூசுவதாக மாணவியர் கூறினர். கேட்டே ஆகவேண்டும் என்றேன்.

அம்மூதாட்டியிடம் யானே சென்றேன். பெயர் என்ன என்று வினவியதற்குத் தம் மகன் பெயரைச் சொல்லி, அவனுடைய அம்மா என்றார். உங்கள் பெயர் வேண்டும் என்றேன். சற்றுநேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார். எழுத்துப் பிழையின்றி எழுதிக்கொண்டேனா என்று, படித்துக் காட்டச் சொன்னார்.