கனமான குண்டு எதற்கு?

அன்புள்ள மருமகனுக்கு,

நியூசிலாந்தில் நண்பர்களோடு மான் வேட்டை பழகிவருவதாக எழுதியிருந்தாய். கூடவே இரண்டு கேள்விகள். 308 ரைபிளில் கனமான குண்டு போட்டால் தூரத்து மானையும் வீழ்த்தலாமா? ஊருக்கு வந்ததும், கெடாவில் பாடாங் செராய் பக்கம் செம்பனைக் கன்றைத் தின்று தீர்க்கும் காட்டுப்பன்றிக்கும் அதுவே சரிவருமா? முதல் கேள்விக்குப் பாதிதான் ஆமாம். இரண்டாவதற்கு இல்லை.

ஒரு தோட்டாவில் கொள்ளும் வெடிமருந்துக்கு எல்லை உண்டு. குண்டைக் கனமாக்கினால் அது குழலை விட்டு மெதுவாகத்தான் கிளம்பும். ஆனால் போகிற வழியில் காற்று அதன் வேகத்தை எளிதில் பறித்துவிடாது. ரப்பர் கொட்டையையும் அதே பருமனில் உருட்டிய பஞ்சையும் வீசிப் பார்த்தால் இது விளங்கும்.

308இல் வழக்கமான 150 கிரெயின் குண்டின் எடை 9.7 கிராம். அது நொடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் புறப்படும். 180 கிரெயின் குண்டு 11.7 கிராம், அதன் வேகம் சுமார் 800 மீட்டர். தூரம் ஏற ஏற இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். சாதாரண வேட்டைக் குண்டுகளில், 365 மீட்டர் தூரத்தை எட்டும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்துவிடும். எடை கூடியதால் கனமான குண்டின் தாக்கும் ஆற்றல் அங்கே அதிகம். பக்கக் காற்றும் அதைக் குறைவாகவே தள்ளும்.

இதைப் படித்ததும் உற்சாகப்பட்டுவிடாதே. அந்த 365 மீட்டரில் இரண்டு குண்டுகளின் வேகமும் நொடிக்கு 540 மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். மென்முனைக் குண்டு உடலுக்குள் மலர்ந்து விரிந்தால்தான் மிருகம் உடனே சாயும். அப்படி விரிய, பெரும்பாலான குண்டுகளுக்கு அந்த வேகமாவது வேண்டும். அதாவது, கனமான குண்டு வேகத்தில் முந்தத் தொடங்கும் இடமும் குண்டு சரியாக விரியாமல் போகும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கு அப்பால் சுட்டால், காயத்தோடு மான் புதருக்குள் ஓடிச் சாகும். எனவே நடுத்தரத் தோட்டாவில் கனமான குண்டு தூரத்தைப் பெரிதாக நீட்டித் தருவதில்லை. 250, 300 மீட்டருக்குள் ஆழமாகத் துளைக்கவும், எலும்பில் பட்டாலும் நிற்காமல் போகவுமே அது உதவும்.

எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவாய். 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் நம் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்கள் தூக்கித் திரிந்த 303 ரைபிளையே எடுத்துக்கொள். தொடக்கத்தில் அதன் குண்டு 215 கிரெயின், முனை மழுங்கியது. 1910இல் பிரிட்டிஷ் ராணுவம் அதைக் கைவிட்டு, 174 கிரெயின் கூர்முனைக் குண்டுக்கு மாறியது. எடை குறைந்தும் புதிய குண்டின் பாதை நேராக இருந்தது. வேகம் கூடியதும் கூர்முனை காற்றைக் கிழித்துப் போனதுமே காரணம்.

குழலையும் கவனி. குண்டு கனமானால் நீளமாகும்; நீளமானது தடுமாறாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். 7 மில்லிமீட்டர் மௌசர் ரைபிளின் குழலில் 220 மில்லிமீட்டருக்கு ஒரு முழுச்சுற்று முறுக்கு உண்டு. அதனால்தான் சிறிய தோட்டாவாக இருந்தும் 173 கிரெயின் நீளக் குண்டை அது சுழற்றி அனுப்பியது. ஆப்பிரிக்காவில் பெல் என்ற வேட்டைக்காரர் அதைக் கொண்டே யானைகளை வீழ்த்தினார். இந்தியாவில், ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டதும் அதே வகை ரைபிளால்தான். இருவரும் தூரத்தை நம்பவில்லை. பெல் யானையை நெருங்கிச் சுட்டார். கார்பெட் மாமரத்தில் காத்திருந்து, சிறுத்தையைக் கிட்ட வரவிட்டார்.

இனி நம் கெடாவுக்கு வருவோம். செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். வளர்ந்த தோட்டத்தில் மட்டைகளுக்கு நடுவே பார்வை ஐம்பது மீட்டர் போனால் அதிகம். குலைவெட்டுகிறவர்களும் பால்வெட்டுகிறவர்களும் விடியலிலேயே இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்திலும் பன்றி நடமாடும். குறி தவறிய ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டர் வரைகூடப் போகக்கூடும். வேகத்தை எளிதில் இழக்காத கனமான குண்டின் குணம், இங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே ஆபத்து. மூடா சமவெளியின் வயல் பக்கம் குண்டைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது.

அதனால்தான் இங்கே பன்றிக்கு ஷாட்கன். பன்னிரண்டு போர் தோட்டாவில் பறவைக்கான பொடிக் குண்டு வேண்டாம்; பன்றியின் தடித்த தோளில் அது காயம் மட்டுமே செய்யும். எஸ்.ஜி. என்ற பெரிய குண்டு போடு; ஒவ்வொன்றும் சுமார் 3.5 கிராம், முப்பது மீட்டருக்குள் நம்பலாம். அதையும் தாண்டினால் 28 கிராம் ஒற்றைக் குண்டு, ஐம்பது, அறுபது மீட்டர் வரை. எடை இங்கேயும் உதவுகிறது, ஆனால் கிட்டத்தில். எதைப் போட்டாலும் பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடக் கூடாது.

சட்டத்தையும் மறந்துவிடாதே. மலேசியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காவல்துறை உரிமம் வேண்டும். காட்டுப்பன்றியைச் சுட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தனியாக வேண்டும். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டு துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. நியூசிலாந்தில் வாங்கிய உரிமம் இங்கே செல்லாது. ஒரு தோட்டாவைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடாதே.

அங்கே இருக்கும்வரை நல்ல கூர்முனையுள்ள 165 அல்லது 180 கிரெயின் குண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள். உன் குழலுக்கு எது ஒரே இடத்தில் கூட்டமாக விழுகிறது என்று சுடுதிடலில் பார்த்துவிட்டு, அதையே வைத்துக்கொள். கனமான குண்டு தோளை அதிகம் உதைக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவனுக்கு எடையால் லாபமில்லை. முந்நூறு மீட்டரில் மான் நின்றால், இன்னும் நூறு மீட்டர் தவழ்ந்து நெருங்கப் பார். நெருங்க முடியாத மானை விட்டுவிடு.

அன்புடன்,
உன் மாமா,
சுங்கை பட்டாணி